அபுரைட்டுக்குச் செய்த மரியாதை

பழம்பொருளைப் போற்றுவதில் மலேசியாவின் பொந்தியான் நகர 'நங்கூரம்' காட்சிக்கூடத்துக்கு ஈடான நிறுவனம் பூமியில் கிடையாது. அந்த நிறுவனமே தன் ஆண்டறிக்கையில் இப்படி எழுதியிருப்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை.

அங்கே ஒப்பந்தப் பணியிலிருந்த முபீனா, மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த வெள்ளீயக் கட்டியொன்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது மூச்சுவிட மறந்தாள். கட்டியின் மேல் மெல்லிய தகடுகளாக வெளிறிய படிகங்கள்! ஆய்வுக்கூடத்துக்கு ஒரு துணுக்கு அனுப்பினாள். பதில் வந்தது: அபுரைட். வெள்ளீயம் நெடுங்காலம் கடல்நீரில் கிடந்தால் உண்டாகும் அரிய கனிமம்.

இயக்குநர் ராஜசேகரன் 'அவசரக் கூட்டம்' கூட்டினார், மூன்று வாரம் கழித்து.

"யாரு இந்த அபு? குடும்பத்துக்கு அழைப்பு அனுப்பியாச்சா?"

"ஆள் இல்ல சார், கனிமம். முதல்ல கிடைச்ச இடத்தோட பேரு."

"அபு ரைட்டுன்னா கமிட்டியில யாரு ராங்?" என்றார் துணை இயக்குநர் மனோகரன். கூட்டம் பத்து நிமிடம் சிரித்தது.

"சார், யாரும் தொடக்கூடாது. லேசா உரசினாலே உதிர்ந்துடும்," என்று முபீனா கெஞ்சினாள்.

உடனே மூவர் துணைக்குழு அமைந்தது. அது கட்டியை நன்றாகத் தொட்டுப் பார்த்து, தொடக்கூடாது என்று பரிந்துரைத்தது.

டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் கண்காட்சியைத் திறந்துவைக்க வரும் நாளில் முபீனா உள்ளே நுழைந்தாள். கட்டி, புது எவர்சில்வர் தட்டுபோல் பளபளத்தது.

"யாரு தேய்ச்சது அக்கா?"

"நான்தாம்மா," என்றார் துப்புரவுப் பணியாளர் காளியம்மா. "கட்டி அழுக்கா இருக்காம், டைரக்டர் ஆபிஸ்ல கடிதமே கொடுத்தாங்க. ரெண்டு பிரஷ் தேஞ்சு போச்சு லா."

முபீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனால் காளியம்மாவின்மேல் கோபம் வரவில்லை. அந்தக் கட்டடத்தில் சொன்ன வேலையை முடித்தவர் அவர் ஒருவர்தான்.

"அலமாக், ஏன் அழறீங்க? சீக்கிரம் லேபிள் எழுதுங்க!" என்றார் இயக்குநர்.

அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும் என்பது தெரிந்தே எழுதினாள்: 'இதன்மேல் அரிய கனிமம் இருந்தது. இயக்குநரின் உத்தரவுப்படி தேய்த்து அகற்றப்பட்டது.' அலுவலக மரபுப்படி இயக்குநர் படிக்காமல் கையெழுத்திட்டார். டத்தோ மட்டும் மரபை மீறி, மைக்கில் அதை உரக்கப் படித்துவிட்டார்.

விசாரணைக் கமிட்டி அமைந்தது. விசாரிக்கப்பட்டது முபீனா. தலைவர், ராஜசேகரன்.

"நூறு வருஷத்துக்கு மேல கடலடியில பத்திரமா இருந்த பொருள், நம்ம கைக்கு வந்து நாலே மாசத்துல எப்படிம்மா அழிஞ்சுது?"

முபீனா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"கடலடியில கமிட்டி இல்ல சார்."