கடல் பார்க்காத நண்டு இன்ஜினியர்

இதை எழுத எனக்குப் பல வருஷமாகத் தைரியம் வரவில்லை. எழுதினால் கதை என்பீர்கள். ஆனால் நண்டுக்கும் ஆமைக்கும் பரிந்துகொண்டு வேலையை விட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். எழுபதுகளின் கடைசியில் அவர் குமாரபாளையத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தார்.

சேலத்துக் கம்பெனி ஒன்றில் கட்டட பிளான் போடும் வேலை. கடற்கரையில் ஒரு பூங்கா வருகிறது, பார்க்க வரும் ஜனங்களுக்கு ஒரு கட்டடம் வேண்டும், ஆனால் அங்கே வாழும் உயிர்களுக்குத் தொந்தரவு கூடாது என்று அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

மனுஷன் அதைச் சாமி வாக்காகவே எடுத்துக்கொண்டார். மொட்டை மாடி முழுக்கக் காவிரி மணலைக் கொட்டினார். தறிக்காரர்கள் தறியை நிறுத்திவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் ஒரு குடம் ஆற்று நண்டைக் கொண்டுவந்து விட்டார். அவை போன வழியெல்லாம் குச்சி நட்டு, வழியை மறிக்காமல் அட்டையில் கட்டடம் செய்து வைத்தார். ஒரு நண்டு படியிறங்கி எங்கள் பூஜை அறைக் கற்பூரத் தட்டில் உட்கார்ந்திருந்தது. என் மனைவி தெய்வானை, கும்பிடுவதா விரட்டுவதா என்று தெரியாமல் நின்றாள். ‘நண்டு இன்ஜினியர்’ என்று தெருவில் பேர் விழுந்தது அன்றைக்குத்தான்.

மேலதிகாரி வந்து பார்க்கும் நாள் நெருங்கியது. அவர் ஒத்துக்கொண்டால் வேலை நிரந்தரம். மறுபடியும் கீழே இறங்கி வந்த நண்டை முறத்தில் ஏந்திக்கொண்டு மாடிக்குப் போன தெய்வானை சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“ஏனுங்க சாமி, ஆத்து நண்டும் கடல் நண்டும் ஒரே மாதிரியா நடக்குமுங்க?”

அவர் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியலீங்க அக்கா. நான் கடலையே பார்த்ததில்லீங்க.”

அன்றைக்கே பஸ் ஏறினார். திரும்பியபோது ஆள் கறுத்து, உதடு வெடித்து, விரதமிருந்து மலைக்குப் போய் வந்தவர் மாதிரி இருந்தார். வந்த கையோடு அட்டைக் கட்டடத்தைத் தூக்கி, கரையிலிருந்து தள்ளி, மணல்மேட்டுக்குப் பின்னால் வைத்தார். தூண்மேல் நிற்கும் தாழ்ந்த கட்டடம். கடல் பக்கம் ஒரு விளக்குக்கூடக் கிடையாது. ஆமைக் குஞ்சுகள் விளக்கு வெளிச்சத்தைக் கடலென்று நம்பித் தப்பான பக்கம் ஊர்ந்துவிடுமாம்.

மாடியேறி வந்த மேலதிகாரி சிரித்தார். கடல் பார்க்க வருகிறவன் மணல்மேட்டையா பார்ப்பான், முன்னால் நகர்த்து என்றார்.

“நாம நாலு எட்டு நடந்துக்கலாமுங்க. ஆமைக்கு முட்டையிட வேற எடமில்லீங்க.”

நகர்த்தாவிட்டால் வேலை கிடையாது என்றார் அதிகாரி. நண்டு இன்ஜினியர் பிளானைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அந்த வாரமே மணலை ஆற்றில் கொட்டிவிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சில வருஷம் கழித்து ராமேசுவரம் யாத்திரை போனபோது, வழியில் ஒரு கடற்கரைப் பூங்காவில் டூரிஸ்ட் பஸ் நின்றது. கட்டடத்தைத் தேடித்தான் கண்டுபிடித்தோம். மணல்மேட்டுக்குப் பின்னால், ஓலை வேய்ந்து, தூண்மேல் நின்றது. பின்னால் வந்த அதிகாரி ஒருவர் அவரைத் தேடிப் போய்ப் பழைய பிளானையே வாங்கி ஒத்துக்கொண்டாராம், காவல்காரர் சொன்னார். அடியில் நண்டுகள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. தெய்வானை செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியேறினாள்.

படித்தவர்கள் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மாடி அறையை அப்புறம் நாங்கள் யாருக்கும் விடவில்லை. கேட்டு வருகிறவர்களிடம் மழைக்கு ஒழுகுகிறது என்கிறோம். அந்த ஒரு பொய்யை அக்கரைக் கோயில் சங்கமேஸ்வரர் பொறுத்துக்கொள்ளட்டும்.