ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர்

மூன்றாவது முறையும் லேப்டாப் பட்டென்று அணைந்ததும் மணவாளன் பல்லைக் கடித்தார். "உன்னை இன்னா பண்றேன் பாரு."

அடுப்படியிலிருந்து நர்மதா எட்டிப் பார்த்தாள். "யார்கிட்ட பேசறீங்க?"

"இந்தச் சனியன்கிட்ட. பத்து நிமிஷம் ஓடுது, செத்துப்போவுது. மறுபடி பத்து நிமிஷம் ஓடுது, மறுபடி சாவுது."

"அத்த மூடி வெச்சிட்டு வந்து நாஷ்டா துன்னுங்க. இட்லி ஆறுது."

"இட்லி ஒண்ணுதான் இப்போ கொறைச்சல்!"

மணவாளன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பி ஆலையில் பராமரிப்பு சூப்பர்வைசர். மோட்டார், பம்பு, கியர்பாக்ஸ் என்று பதினெட்டு வருஷமாகக் கழற்றி மாட்டிய கை. வீட்டிலும் அந்தக் கை சும்மா இருக்காது. மிக்சி, கடிகாரம், மச்சானின் பைக் எல்லாவற்றையும் கழற்றியிருக்கிறார். கழற்றியதெல்லாம் திரும்ப ஓடியது என்று அவர் சொல்வார். நர்மதா அப்படிச் சொல்வதில்லை.

ஆனால் இன்றைய கோபம் லேப்டாப் மேல் மட்டும் வந்ததல்ல. அது எட்டு மாதக் கோபம்.

ஆலையின் பெரிய கிரேனில் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. பழுக்கக் காய்ந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு ஆட்களின் தலைக்கு மேல் போகும்போது திடீரென்று ஒரு முழம் வழுக்கும். பிறகு நிற்கும். மணவாளன் பதினொரு முறை புகார் கொடுத்தார். மேனேஜர் பாக்கியநாதன் பதினொரு முறையும் "பாக்கலாம்" என்றார். போன மாதம் கிரேன் கொக்கி இறங்கி, கீழே வேலை செய்துகொண்டிருந்த முனுசாமியின் தோளை உரசிக்கொண்டு போனது. அரையடி தள்ளி நின்றிருந்தால் அவன் வீட்டில் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள். அதற்கும் "பாக்கலாம்"தான்.

அத்தனை புகாரும் தேதி வாரியாக இந்த லேப்டாப்பில் இருந்தன. திங்கட்கிழமை காலை பாதுகாப்பு ஆடிட்டுக்குச் சென்னையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் மேனேஜரே கூப்பிட்டு லேப்டாப்பை அவர் கையில் கொடுத்தார்.

"ரெக்கார்டு மொத்தமும் இதுக்குள்ளதான் இருக்கு மணவாளன். வேற காப்பி கெடையாது. வீட்டுக்குக் கொண்டுபோய் நீயே சரிபார்த்து எடுத்துட்டு வந்துடு. பத்திரம்."

ஆடிட் என்றதும் ஆளுக்கு உதறல் வந்துவிட்டது என்று மணவாளனுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஆரம்பாக்கம் போகிற ரயிலில் நெரிசலுக்கு நடுவே லேப்டாப்பைப் பச்சைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

இப்போது அந்தக் குழந்தை பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை உயிரை விட்டுக்கொண்டிருந்தது.

அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். தோசைக்கல் மாதிரி சுட்டது. "காத்து போவல. உள்ள தூசி அடைச்சிக்கினு கீது" என்றார்.

பரணிலிருந்து பெரிய ப்ளோயரை இறக்கினார். மோட்டாருக்குள் படிந்த இரும்புத் தூளை அடித்துத் தள்ளுகிற ப்ளோயர் அது. லேப்டாப்பின் ஓரத்திலிருந்த சின்ன ஜன்னலில் அதை வைத்து அழுத்தினார். உள்ளே விசிறி 'வீய்' என்று கத்தியது. அப்புறம் 'டக்' என்று ஒரு சத்தம். விசிறி நின்றுவிட்டது.

"இன்னா அது சத்தம்?" என்றாள் நர்மதா.

"தூசி வெளிய வந்த சத்தம்."

வெளியே வந்து விழுந்தது விசிறியின் ஒரு இறக்கை.

வேறு வழியில்லை, திறந்தே ஆகவேண்டும். ஸ்குரூ ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். கலந்துவிடாமல் இருக்க, கழுவி வைத்திருந்த இட்லித் தட்டை எடுத்துக் குழிக்கு ஒன்றாகப் போட்டார். கீபோர்டு மட்டும் வரவில்லை. ஸ்குரூ டிரைவரை ஓரத்தில் கொடுத்து நெம்பினார். வந்தது. கூடவே, அடியில் ஒட்டியிருந்த காகிதம் போன்ற வயரும் பாதியாகக் கிழிந்து வந்தது.

"இத்தப் போயி பேப்பர்ல செஞ்சி வெச்சிருக்கான் பாரு! இவனையெல்லாம் ராடு மில்லுல ஒரு நாள் நிக்க வெக்கணும்!"

"அவனுக்கு இன்னா தெரியும், நீங்க தொறப்பீங்கன்னு?"

"நீ போயி உன் வேலையப் பாரு!"

"என் வேலைக்கு இட்லித் தட்டு வேணும்."

மணவாளன் உள்ளே குனிந்து பார்த்தார். விசிறிக்குப் பக்கத்தில் செம்புத் தகடு ஒன்று இருந்தது. அதைக் கழற்றினால் அடியில் ஏதோ பசை காய்ந்து பொருக்காகக் கிடந்தது. கோளாறு அகப்பட்டுவிட்டதென்று தொடையில் தட்டிக்கொண்டார். மில்லில் பேரிங்குக்குப் போடுகிற கிரீஸ் ஒரு டப்பா வீட்டில் இருந்தது. ஒரு விரல் எடுத்து வழித்துத் தடவி, தகட்டை மாட்டி, பட்டனை அமுக்கினார்.

முதலில் கிரீஸ் உருகியது. அப்புறம் ஒழுகியது. அப்புறம் புகைந்தது.

நர்மதா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "ஊடா இது, பட்டறையா? தூக்கிக்கினு பின்னாடி போங்க!"

கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் லேப்டாப்பை வைத்துவிட்டு, பொன்னேரியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அஸ்கர் அலிக்குப் போன் போட்டார். அஸ்கர் அலி நடந்ததை முழுக்கக் கேட்டான்.

"அண்ணே, கிரீஸா?"

"சுத்தமான கிரீஸ்பா. பேரிங்கே பத்து வருஷம் ஓடும்."

"அண்ணே, இனிமே அத்தத் தொடாதீங்க. லேப்டாப் போனா போவட்டும். உங்க ரெக்கார்டு ஹார்டு டிஸ்க்குலதான் இருக்கும், அதுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. அடியில சின்ன மூடி கீது பாருங்க, அதுக்குள்ள இருக்கு. பூ மாதிரி எடுத்து, துணியில சுத்தி எடுத்துக்கினு வாங்க. நான் காப்பி எடுத்துத் தரேன்."

மணவாளனுக்கு உயிர் வந்தது. மூடியைத் திறந்தார். ஹார்டு டிஸ்க் கண்ணுக்குத் தெரிந்தது. இழுத்தார், வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். அசையவில்லை. காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் தலைக்கேறியது.

"பதினொரு கம்ப்ளெயிண்டு! பதினொண்ணுக்கும் அவன் அசையல! நீயும் அசைய மாட்டியா?"

மில்லில் இறுகின பேரிங்குக்குச் செய்வதையே செய்தார். ஸ்குரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் ஒரு தட்டுத் தட்டினார். ஹார்டு டிஸ்க் வந்தது. வந்த வேகத்தில் பறந்தது. துவைக்கிற கல்லின் விளிம்பில் மோதிக் கீழே விழுந்தது.

எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வந்தது.

மத்தியானம் பொன்னேரியில் அஸ்கர் அலியும் அதே மாதிரி ஆட்டிப் பார்த்தான். "உள்ள தட்டு ஒடைஞ்சி போச்சுண்ணே. இனி ஒண்ணும் வராது" என்று சொல்லி, துணியில் திரும்பச் சுற்றிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்தவர் கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் போய் உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவையும் கிரேன் வழுக்கியபோது ஓடிப்போய் நின்று பார்த்து எழுதியது, முனுசாமியின் தோளில் இருந்த காயத்தை அளந்து எழுதியது, எல்லாம் போனது. அவரே போக்கியிருந்தார். அந்த எரிச்சல் நெஞ்சுக்குள் கிடந்து அறுத்தது.

திங்கட்கிழமை காலை லேப்டாப்பை ஒரு பையில் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு போனார். மேனேஜர் வாயைத் திறப்பதற்கு முன்னால் தானே கத்திவிடுவதென்று ரயிலில் முடிவு செய்திருந்தார். கத்தவும் செய்தார்.

"சூடாவுற லேப்டாப்ப என் தலையில கட்டினது நீங்க! வேலைய வுட்டுத் தூக்கறதுன்னா தூக்குங்க! ஆனா அந்த கிரேன் பிரேக்கு..."

பாக்கியநாதன் பைக்குள் எட்டிப் பார்த்தார். ஹார்டு டிஸ்க்கை எடுத்து, அவரும் ஒருமுறை காதருகே ஆட்டினார். பிறகு எழுந்து வந்து மணவாளன் தோளில் கை போட்டார்.

"எதுக்குய்யா டென்ஷன்? மெஷின்னா கெட்டுத்தான் போகும். உன்மேல ஒரு வார்த்தை வராம நான் பாத்துக்கறேன். போய் டீ குடி."

ஆடிட்டுக்கு வந்தவர்களிடமும் அவரே பேசினார். ரெக்கார்டு இருந்த லேப்டாப் வீட்டில் வேலை பார்க்கும்போது பழுதாகிவிட்டது, பொறுப்பான ஊழியர், அவர் மேல் தப்பில்லை என்றார். வந்தவர்கள் கிரேனை அண்ணாந்து பார்த்தார்கள். அது அன்றைக்கென்று ஒழுங்காக நின்றது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

மணவாளன் கேன்டீனில் போய் உட்கார்ந்தார். எட்டு மாதமாக இந்த மனுஷனையா நாக்கில் நரம்பில்லாமல் திட்டிக்கொண்டிருந்தோம்?

மேனேஜர் அறைக்கு டீ கொண்டுபோகும் கன்னியம்மா அவர் முன்னால் ஒரு கிளாஸை வைத்தாள்.

"தங்கமான மனுஷன் கன்னியம்மா. இத்தன நாளு எனக்குப் புரியல."

கன்னியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாண்ணே பேசற? வெள்ளிக்கெழமையே நான் டீ வெக்கறப்போ போன்ல சொல்லிக்கினு இருந்தாரே, 'ரெக்கார்ட நானா அழிச்சா மாட்டிக்குவேன், மணவாளன்கிட்ட குடுத்துட்டா அவனே ரிப்பேர் பண்ணிடுவான்'னு!"