காலிக் குட்டையில் நாலு ஏரேட்டர்

ஆபீசர் வருகிறார் என்று கேட்டதும் இல்லாததை இருப்பதாகக் காட்டத் தோன்றுவது என் கூடப் பிறந்த வியாதி. பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் அன்று பக்கத்துப் பையனின் நோட்டைக் காட்டி சபாஷ் வாங்கியவன் நான். அந்த வியாதி முப்பத்தோரு வயதில் முற்றிப்போய், என் அக்கா வீட்டுக்காரரின் ஒரு குட்டை இறாலைக் கொன்றது.

சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் இறால் வளர்ப்பவர்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கிறது என்றார்கள். கண்ட மருந்தைக் கொட்டக்கூடாது, கழிவுத் தண்ணீரை அப்படியே வாய்க்காலில் விடக்கூடாது, குட்டையில் நாலு ஏரேட்டர் ஓட வேண்டும். (தண்ணீரை அடித்துக் கலக்கிக் காற்று ஏற்றும் மிஷின் அது. இறாலுக்கு அதுதான் மூச்சு.) வரதய்யபாளையத்திலிருந்து தடா போகிற பக்கம் நான் புதிதாக வெட்டிய குட்டையில் தண்ணீர் மட்டும் இருந்தது. குஞ்சு விடவில்லை. ஏரேட்டருக்கு ஆர்டர் கொடுத்திருந்தேன், வந்து சேரவில்லை. அதற்குள் அதிகாரி பார்க்க வருகிறார் என்று போன் வந்துவிட்டது.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி மாமாவின் குட்டை, அதில் நாலு ஏரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று வாரத்தில் அறுவடை. அதை நம்பித்தான் அவர் வீட்டில் ஒரு அறை, மேலே தளம் போடாமல் வெறும் சுவரோடு நின்றுகொண்டிருந்தது.

"அரை மணி நேரம் மாமா. போட்டோ எடுத்ததும் கொண்டாந்து மாட்டிடறேன்."

மாமா வானத்தைப் பார்த்தார். "வெயில் அடிக்கிற வரைக்கும் தாங்கும். மேகம் போட்டுச்சின்னா இறாலெல்லாம் மூச்சு முட்டி மேல வந்துடும் மச்சான். சட்டுனு வந்துடு."

"தம்பிதான கேக்குறான், எடுத்துக்கினு போவட்டும் வுடு" என்றாள் அக்கா. (இதைச் சொன்னதாக அவள் இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை.)

பத்து மணிக்கு வர வேண்டிய அதிகாரி, வழியில் மற்ற குட்டைகளையும் பார்த்துவிட்டு வந்து சேர மணி மூன்று. மதியமே மேகம் மூடிவிட்டது. நான் அதைக் கவனித்தால்தானே! இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், ஒரு இறால்கூட இல்லாத தண்ணீரில் நாலு ஏரேட்டரையும் ஓடவிட்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றிருந்தேன். மரியாதையாக இருக்கட்டும் என்று போனையும் சைலண்ட்டில் போட்டிருந்தேன்.

"பாகுந்தி, பாகுந்தி" என்றார் அதிகாரி தெலுங்கில். நன்றாக இருக்கிறதாம். அவர் கிளம்பத்தான் பார்த்தார். நான்தான் விடாமல் இளநீர் வெட்டிக் கொடுத்து உட்கார வைத்தேன்.

அப்போது தலைக்கு மேல் கொக்குகள் பறந்தன. ஒன்றிரண்டு இல்லை, கூட்டம் கூட்டமாக, எல்லாம் ஒரே திசையில்.

"பாருங்க சார், எவ்ளோ பறவைங்க! இயற்கைக்குக் கெடுதல் பண்ணாத பண்ணைன்னா இதான் சார்" என்றேன். அவர் அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

கொக்குகள் மாமாவின் குட்டைக்குப் போய்க்கொண்டிருந்தன.

அதிகாரி போன பிறகு போனை எடுத்தேன். அக்காவிடமிருந்து இருபத்துமூன்று மிஸ்டு கால். ஏரேட்டர்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனபோது, மாமா இடுப்பளவு தண்ணீரில் நின்று பலகையால் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார். அக்கா சோற்று அண்டாவால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரையோரம் முழுக்கக் கொக்கு. மாமா என்னைத் திட்டவில்லை. "அந்த மூலையில மாட்டு" என்றார், அவ்வளவுதான். மாட்டினோம். ஓடியது. பொழுது சாய வலை போட்டுப் பார்த்தோம். உயிரோடு வந்தது ஒரு கூடைகூட இல்லை. என் வாழ்க்கையில் அப்படி வெட்கப்பட்டதில்லை, அப்படி அழுததும் இல்லை.

மறுநாள் அதிகாரியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். விண்ணப்பத்தை ரத்து செய்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஏரேட்டர் இன்னும் வரலைன்னு ஒக்க மாட்ட, ஒரே ஒரு வார்த்தை, சொல்லியிருந்தா, பத்து நாள் கழிச்சு வந்திருப்பேனேப்பா."

அந்த அறைக்கு இன்னும் தளம் போடவில்லை. மாமா அதற்கு 'மச்சான் ரூம்' என்று பேர் வைத்துவிட்டார். விருந்தாளி யார் வந்தாலும், "மச்சான் ரூம்ல படுத்துக்கோங்க, காத்து நல்லா வரும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்வது.

அன்றிலிருந்து நான் போனைச் சைலண்ட்டில் போடுவதில்லை. மழை பிடித்துக்கொண்டால் அக்கா கூப்பிடுவாள்.

"டேய், உன் ரூம்ல தண்ணி நிக்குது. ஏரேட்டர் கொண்டாந்து வுடு."