'ஆனா' இல்லாமல் ஒரு வார்த்தை

என்றும் என் மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மகளும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் சௌக்கியமா என்பதைக் கடிதம் முழுவதையும் படித்துவிட்டு நீயே தீர்மானித்துக்கொள். அத்தானின் முட்டிவலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். குறையாவிட்டாலும் குறைந்ததாகவே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

"பையன் எப்படி?" என்று போனில் கேட்டாய். ஒரு வார்த்தையில் சொல்ல முடியாததால்தான் இந்தக் கடிதம். பையன் தங்கமானவன். பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுகிறான். குடி கிடையாது, புகை கிடையாது, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறான். கோளாறு ஒன்றே ஒன்றுதான். எதையும் முழுசாக 'நல்லா இருக்கு' என்று சொல்ல மாட்டான். கூடவே ஒரு 'ஆனா' போட்டால்தான் அவனுக்கு வாய் மூடும். நான் ஆயுசு பூராவும் லிஃப்ட் பரிசோதகனாக இருந்தவன். எங்கள் தொழிலில் இரண்டே தீர்ப்பு: ஓடும், ஓடாது. "லிஃப்ட் பிரமாதம், ஆனா நாலாவது மாடியில் கொஞ்சம் தொய்வு" என்று நான் எழுதிக் கொடுத்திருந்தால் ஒரு மனுஷன் ஏறியிருப்பானா, நீயே சொல்லு.

கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்தவன்தான் இவன். நம்ம பொண்ணு அங்கே கண் பரிசோதிக்கிறவளாச்சே, ஒவ்வொரு வில்லையா மாட்டி "இப்ப எப்படித் தெரியுது?"ன்னு கேட்டிருக்கா. "மேல் வரி அபாரம், ஆனா கடைசி வரி இழுவை"ன்னு ஆரம்பிச்சவன் கடை மூடுற வரைக்கும் எழுந்திருக்கலையாம். அதுல இவ விழுந்துட்டா. எதுல விழுந்தான்னு எனக்கு இன்னிவரைக்கும் விளங்கலை. முதல் தடவை வீட்டுக்கு வந்தப்போ நானே டீ போட்டுக் கொடுத்தேன். நிதானமாக் குடிச்சு முடிச்சுட்டு, "ஆரம்பம் நல்ல சூடு. ஆனா மொத்த இனிப்பையும் க்ளைமாக்ஸுக்குன்னு ஒதுக்கிட்டீங்க மாமா"ங்கிறான். சர்க்கரையைக் கலக்க மறந்துட்டேன், வாஸ்தவம்தான். அதுக்காக? நான் இன்னும் சம்மதமே சொல்லலை, அதுக்குள்ள அவன் பாட்டுக்கு மாமாங்கிறான்.

சிரிக்காதே அக்கா. நாளைக்குக் கல்யாணமாகி, இவ ஆசை ஆசையா ஒரு புது உடுப்பைப் போட்டுக்கிட்டு வந்து நிப்பா. இவன் மேலேயும் கீழேயும் பார்த்துட்டு, "நிறம் பிரமாதம், ஆனா..."ன்னு ஆரம்பிப்பான். அவ அம்மா போனதுலேர்ந்து அந்த முகம் வாடிடக் கூடாதேன்னு கண்ணுக்குள்ள வச்சு வளர்த்தவன் நான். காலம் பூரா ஒரு 'ஆனா'வோட குடும்பம் நடத்துன்னு எப்படி அனுப்பி வைப்பேன்? நெஜமாவே பயமா இருக்கு.

அதனால ஒரு யோசனை பண்ணினேன். யாராலும் குறை சொல்ல முடியாத ஒரு படத்தைக் காட்டி, அவன் வாயால ஒரே ஒரு தடவை 'நல்லா இருக்கு'ன்னு சொல்ல வச்சுட்டா, அப்புறம் தானாப் பழகிடும்னு கணக்குப் போட்டேன். முதல்ல ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வெள்ளத்துல அம்மாவும் மகனும் பிரியுற இடத்துல எனக்குக் கைக்குட்டை பத்தலை. அவன், "அந்த அம்மா நடிப்பு அசல். ஆனா வெள்ளம் கணுக்காலுக்கு மேல வரலையே"ங்கிறான். சரி, பேசினாத்தானே குறை, பேசாத படமா ஒண்ணு போடுவோம்னு ஊமைப்படம் போட்டேன். "மௌனம் அற்புதம். ஆனா நடுவுல வர்ற எழுத்து ரொம்பப் பேசுது"ன்னான். விட்டேனா? புதுசா, விருதெல்லாம் வாங்கின படத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு ஆள் பஸ் ஸ்டாப்புல நிக்கிறான். நிக்கிறான், நிக்கிறான், நின்னுக்கிட்டே இருக்கான். எனக்குத் தலையும் புரியலை வாலும் புரியலை, கண்ணு சொக்கிடுச்சு. பக்கத்து சீட்டு அம்மா என்னைத் தட்டி எழுப்பிச் சண்டைக்கு வந்துட்டாங்க. வெளியே வந்து கேட்டா, "ஒளிப்பதிவு உலகத்தரம். ஆனா கடைசியில அந்த பஸ் வந்திருக்கக் கூடாது. அப்புறம், உங்க குறட்டை அந்தக் காட்சிக்கு ரொம்பப் பொருத்தம் மாமா. ஆனா கொஞ்சம் லேட்டா ஆரம்பிச்சுட்டீங்க." என் குறட்டைக்கே விமர்சனம்! அடுத்தது காரெல்லாம் ஆகாயத்துல பறக்குற படம். அதுக்கு விசில் அடிச்சான், அக்கா! ஆஹா, மாட்டிக்கிட்டான்னு நினைச்சேன். "சூப்பர். ஆனா வில்லனுக்கும் ஒரு நல்ல கார் கொடுத்திருக்கலாம்"னுட்டான். தொலையட்டும்னு பேசாம வீட்டுக்கு வந்துட்டேன்.

நேத்து நடந்ததைச் சொல்றேன் கேளு. சின்ன தியேட்டர் ஒண்ணுல பழைய படம் ஒண்ணு மறுபடி போட்டிருந்தாங்க. தம்பி செஞ்ச குத்தத்தைத் தான் ஏத்துக்கிட்டு அண்ணன் ஜெயிலுக்குப் போற கதை. விடுதலையாகி மழையில நனைஞ்சுக்கிட்டு வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான். கதவு திறக்குது. அந்த நேரம் பார்த்து மிஷின் செத்துப்போச்சு. ஓடும், ஓடாதுல, ஓடாது! டிக்கெட் கொடுக்குறவர் வந்து கையைப் பிசையுறார். ஜனங்க கத்துறாங்க. நம்ம பையன் எழுந்து போய் வெள்ளைத் திரைக்கு முன்னாடி நின்னு, மிச்சக் கதையைச் சொல்ல ஆரம்பிச்சுட்டான். மழைக்கு விரலால நாற்காலியைத் தட்டுறான், கதவுக்குத் தொண்டையில கிறீச்சுங்கிறான். தம்பி பெத்த குழந்தை ஓடி வந்து "நீங்க யாரு?"ன்னு அண்ணனைக் கேக்குற இடத்துல அவன் குரலே உடைஞ்சு போச்சு. டிக்கெட் கொடுக்குறவர் கண்ணைத் துடைக்கிறார். நான் தேம்பிட்டேன். கைதட்டல்ல தியேட்டர் அதிருது. திரும்பி வந்து என் பக்கத்துல உட்கார்ந்து, மெதுவா, "ஆனா அந்தக் கேள்வியோட படத்தை முடிச்சிருக்கணும் மாமா. அதுக்கப்புறமும் ஒரு பாட்டு வச்சுட்டாங்க"ங்கிறான். "இந்தப் படத்தை எத்தனை தடவைடா பார்த்திருக்கே?"ன்னு கேட்டேன். எண்ணினதில்லையாம்.

இப்போ நான் மதில் மேல் பூனை. பையனை எனக்குப் பிடிச்சுத் தொலைச்சுடுச்சு. இருந்தாலும் பெத்தவன் மனசு கேக்குதா? படம் எக்கேடு கெட்டாலும் கெடட்டும், என் பொண்ணைப் பத்தி அவன் ஒரு தடவை 'ஆனா' போடாம நல்ல வார்த்தை சொல்லிட்டா எனக்குப் போதும். நாளைக்குக் காலையில அவனையே நேருக்கு நேர் கேக்கப் போறேன். இழுத்தான்னா நீ வந்து 'வேண்டாம்'னு சொல்லிடணும். என் வாயால சொல்ல வராது, அக்கா.

அத்தானுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சேர்க்கவும். எல்லாம் நல்லபடியாக முடியும் என்ற நம்பிக்கையுடன்,

உன் அன்புத் தம்பி.

பி.கு.: உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாப் போச்சு. மேலே எழுதினதில் ஒரு வரியையும் நம்பாதே. காலையில கேட்டுட்டேன். "என் மகளைப் பத்தி என்னப்பா நினைக்கிறே?"ன்னேன். "அவ நல்லா இருக்கா மாமா"ன்னான். நானும் 'ஆனா'வுக்காகக் காத்திருக்கேன், காத்திருக்கேன், வரவே இல்லை! துள்ளிக் குதிச்சுப் போய் அவகிட்ட சொன்னா, அவளுக்கு வந்துச்சு பாரு கோபம். "ஒரு குறை கூடவா கண்ணுல படலை? பத்திரிகைக்கு விளம்பரம் கொடுத்த படத்தைத்தான் இப்படி மொட்டையா 'நல்லா இருக்கு'ம்பார். என்னை அவர் சரியாவே பார்க்கலைப்பா. ரெண்டு குறையாவது சொல்லட்டும், அப்புறம் கல்யாணத்தைப் பேசுவோம்"னு கதவைச் சாத்திக்கிட்டா. நீ வேண்டாம்னு சொல்ல வரவேண்டாம் அக்கா, முதல் வண்டியைப் பிடிச்சு வேற வேலைக்கு வா. நானும் பையனும் ஹாலில் உட்கார்ந்து காலையிலேர்ந்து யோசிக்கிறோம், ரெண்டு பேருக்கும் அவகிட்ட ஒரு குறைகூட அகப்படலை.