விரலால் பார்ப்பவர்

கண்ணால் பார்க்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். விரலால் பார்க்கிறவர்கள் என்று ஓர் இனம் இருக்கிறது. அதை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். உலகம் முழுக்க இந்த இனம் பரவியிருந்தாலும் எங்கள் ஜப்பானில் அதற்குச் சீருடை தைத்து, தொப்பி வைத்து, பயிற்சியும் கொடுத்து வளர்க்கிறோம். ரயில்காரரோ கிரேன்காரரோ லாரிக்காரரோ, எதைச் சோதித்தாலும் அதை விரலால் சுட்டி, பெயரைச் சொல்லி, "யோஷி!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். யோஷி என்றால் 'சரி'. விரல் போகிற இடத்துக்குக் கண் போகும், கண் போகிற இடத்துக்குப் புத்தி போகும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். விரல் மட்டும் தனியாகப் போய்விட்டு வந்தால் என்ன செய்வது?

ஷிமிசு துறைமுகத்தில் எங்கள் டிரெய்லர் லாரிகளை அனுப்பி வைப்பது என் வேலை. அங்கே இந்த இனத்தின் தலைமகன் குரேமட்சு சான். ('சான்' என்பது பெயரோடு நாங்கள் ஒட்டும் மரியாதை.) இடது கை இடுப்பில், வலது கை கொடிக்கம்பம்போல் நேராக, முழங்கால்கள் ஒட்டியபடி அவர் நின்று கொடுக்கும் யோஷி சூரை மீன் கப்பல்கள் வரைக்கும் கேட்கும். வெளியூரிலிருந்து வரும் அதிகாரிகள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அவர் சுட்டிய இடத்தில் என்ன இருந்தது என்று படத்தைப் பார்த்த யாரும் கேட்டதில்லை.

டிரெய்லரை இழுவண்டியில் பூட்டுவது சும்மா இல்லை. டிரெய்லரின் தாடைக்கு அடியில் தொங்கும் இரும்பு முளை, இழுவண்டியின் முதுகில் உள்ள தட்டின் பிளவுக்குள் இறங்க வேண்டும். பூட்டு அதைச் சுற்றி இறுக வேண்டும். இறுகியதா என்று டார்ச் அடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். காற்றுக் குழாய், விளக்குக் கம்பி மாட்டி, முன்கால்களைத் தூக்கி, முட்டுக்கட்டையை எடுத்து, கடைசியில் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மெல்ல முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். பார்க்காமல் எடுத்தால் சட்டம் ஓட்டியவர் கழுத்தைப் பிடிக்கும். டிரெய்லர் யார் கழுத்தில் விழும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

குரேமட்சு சான் இத்தனையையும் ஒரே நடையில் முடித்துவிடுவார். குனிவதா? இடுப்பு பிடித்துக்கொள்ளுமே! டிரெய்லருக்கென்று தனிச் சான்றிதழ் வண்டியிலேயே இருக்க வேண்டும் என்பது விதி, அதை வைக்கும் குழாயைச் சுட்டி "சான்றிதழ், யோஷி!" என்பார். ஒருநாள் நான் திறந்து பார்த்தேன், உள்ளே குளவிக் கூடு. இழுத்துப் பார்க்கும் சோதனையோ இன்னும் சுலபம். இருக்கையில் உட்கார்ந்தபடியே பின்பக்கம் கை நீட்டி, "இழுத்துப் பார்த்தல், யோஷி!"

அன்று மதியம் அவர் பூட்டிய டிரெய்லர் கொஞ்சம் உயரமாக நின்றது. முளை பிளவுக்குள் இறங்காமல் தட்டின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. பூட்டு வெறும் காற்றை இறுகப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஓட்டுநர் உமேஹாரா சான் அதைப் பார்த்துவிட்டு, அவருடைய கதவருகே ஓடினாள்.

"குரேமட்சு சான், நில்லுங்க. தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுது."

"யோஷி சொல்லியாச்சு, உமேஹாரா சான்."

"சொன்னீங்க. பாத்தீங்களா?"

"பாக்காம யாராவது யோஷி சொல்லுவானா?"

"அப்போ எறங்கி ஒரே ஒரு தடவ குனிஞ்சு பாத்துட்டுப் போங்களேன்."

"ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டு, இப்போ எறங்கிக் குனிஞ்சா, மொதல்ல சொன்னது என்னன்னு நாலு பேர் கேக்க மாட்டாங்களா? வழிய விடுங்க."

அவருக்கு யோஷியைவிட அந்த நாலு பேர்தான் பெரிது. வண்டி நகர்ந்தது. வாசல் வளைவை ஒட்டித் தகரக் கூண்டில் வயதான காவலர் இஷிகாமி சான் இருந்தார். தடுப்பு ஏற்கனவே தூக்கியிருந்தது. உமேஹாரா சான் குறுக்கே ஓடிக்கொண்டே, "இஷிகாமி சான்! வெளிய வாங்க! கூண்ட விட்டு வெளிய வாங்க!" என்று கத்தினாள். டீசல் இரைச்சலில் அந்தக் கிழவர் காதில் பெயர் மட்டும்தான் விழுந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டவருக்கு உட்கார்ந்தபடியா வணக்கம் சொல்வது? எழுந்து வெளியே வந்து, முறைப்படி இடுப்பு வளைத்துக் குனிந்தார்.

அந்த நேரம் வண்டி வளைந்தது. டிரெய்லரின் மூக்கு தட்டிலிருந்து வழுக்கிப் பக்கவாட்டில் போய்க் கூண்டை நசுக்கியது. தகரச் சுவர் பிய்ந்து கிழவரின் மேல் விழுந்தது.

எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. குரேமட்சு சான் குதித்து இறங்கினார். இடது கை இடுப்புக்குப் போயிற்று. வலது கை நீண்டது.

"இஷிகாமி சான்! உயிர், யோஷி!"

தகரத்தின் அடியிலிருந்து கிழவர் கத்தினார்: "யோவ், விரல மடக்கிட்டு என் காலப் பாருய்யா!"

உமேஹாரா சான்தான் தகரத்தைப் பிடித்துத் தூக்கினாள். அப்புறம்தான் எங்களுக்கும் உயிர் வந்து ஓடினோம்.

பாதுகாப்புக் கூட்டம் போட்டார்கள். குரல் போதவில்லை என்று மேலாளர் கண்டுபிடித்தார். இனிமேல் எதற்கும் இரண்டு யோஷி. "குனிஞ்சு பாக்கறது எப்போலேருந்து?" என்று உமேஹாரா சான் கேட்டாள். "அது ஏற்கனவே விதியில இருக்கே," என்றார் மேலாளர், அந்த விஷயம் முடிந்துவிட்டது. குரேமட்சு சானின் ஓட்டுநர் உரிமத்தைப் போலீஸ் வாங்கி வைத்துக்கொண்டது. வண்டி ஓட்டக் கூடாத மனிதரை வேறென்ன செய்வது? பயிற்சியாளர் ஆக்கிவிட்டார்கள். அந்த நிற்பும் அந்தக் குரலும் வேறு யாருக்கு வரும்?

பதவி கிடைத்த கையோடு முலாம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். கிழவரின் வலது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

"இஷிகாமி சான், கால் எப்படி இருக்கு? தேவலையா? நல்லது, நல்லது!" என்று பழத்தை மேஜையில் வைத்தார் குரேமட்சு சான்.

"எந்தக் கால கேக்கறீங்க?" என்றார் கிழவர்.

அதற்குள் குரேமட்சு சான் வாசலைத் தாண்டியிருந்தார்.

உங்களுக்குக் கோபம் வருகிறது, இல்லையா? எனக்கும் வந்தது. இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று கேட்கிறீர்கள். இருக்கட்டும், கோபத்தோடு இதற்கும் பதில் சொல்லுங்கள்: இன்று காலை தெருவில் ஒருவரைப் பார்த்து, "என்ன, சௌக்கியமா?" என்று கேட்டு, "நல்லது, நல்லது" என்று தலையாட்டிவிட்டு நடந்தீர்களே, அவர் என்ன பதில் சொன்னார்?