வீரய்யா அழுதார் என்று சொன்னாள் என்று சொன்னான்

ஆவூர்,
18-2-1963

அமெரிக்காவில் மேற்படிப்புப் படிக்கும் என் அன்பு மருமகன் செபமாலைக்கு, மாமன் சூசைராஜ் வரைவது. இங்கு நானும் உன் அத்தை ஆரோக்கியம்மாளும், உன் தாயாரும், சினைப்பசுவும் மாதா புண்ணியத்தில் நலம். அவ்விடம் பனி முழங்கால் மட்டும் கிடப்பதாக எழுதியிருந்தாய். காதை மூடிக்கொண்டு நடமாடவும்.

நிற்க. நீ போன கடிதத்தில் எழுதிய ஆராய்ச்சி விஷயத்தை மும்முறை படித்து ஒருவாறு விளங்கிக்கொண்டேன். யந்திரத்துக்குப் பேசக் கற்றுக்கொடுக்க இரண்டு வகை இலக்கணம் உண்டு; ஒன்று டவுன் பஸ் மாதிரி, ஒரு ஸ்டாப்பை விட்டால் அடுத்த ஸ்டாப், கடந்து வந்த ஸ்டாப் நினைவிருக்காது; மற்றது வாக்கியத்தின் வயிற்றுக்குள் இன்னொரு வாக்கியத்தை வைத்து, அதன் வயிற்றுக்குள் மற்றொன்றை வைத்து, உள்ளே போன வரிசையை மறக்காமல் திரும்பி வரக்கூடியது; நம் தமிழுக்கு முதல் வகையின் சக்தி போதாது என்பது உன் கட்சி. நியாயம்தான். 'நல்லதம்பி, ராக்காயி, பிள்ளைகள் வந்தார்கள் என்று சொன்னாள் என்று சொன்னான்' என்றால், அவன், அவள், அவர்கள் என்று உள்ளே போய், அவர்கள், அவள், அவன் என்று தலைகீழாக வெளியே வரவேண்டியிருக்கிறது. முப்பது வருஷம் இலக்கணம் நடத்தியும் இது என் கண்ணில் படவில்லை. விதிப்படி இப்படி எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் போகலாம், ஆனால் நம் ஊர் ஜனங்கள் எத்தனை அடுக்கு வரை தாங்குகிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள் மாமா என்று கேட்டாய் பார், அதில் ஆரம்பித்தது வினை.

சந்தனம் டீக்கடைக்குப் போனேன். நாலு பேர் இருந்தார்கள். நீ அனுப்பிய வாக்கியத்தில் எல்லாம் ராமு ராமு என்றே இருந்தது. நம்மூரில் ராமு ஏது, அதனால் தெரிந்த பேராகப் போடுவோம் என்று நினைத்த நேரம் பார்த்து வீரய்யா மாட்டுவண்டி ரோட்டில் போனது. என் வாயில் வந்துவிட்டது. "நல்லதம்பி, ராக்காயி, வீரய்யா தம்பியை நெனச்சு அழுதாருன்னு சொன்னாள்னு சொன்னான். இதுல சொன்னது யாரு, அழுதது யாரு, சொல்லுங்க பாப்போம்" என்றேன். சந்தனம் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "வீரய்யா அழுதாரா? எப்பங்க?" என்றான். "அழுகலப்பா, இது உதாரணம்" என்றேன். "உதாரணமாவா அழுதாரு?" என்கிறான்! உனக்குத்தான் தெரியுமே, வீரய்யாவும் தம்பி இருளாண்டியும் கிணத்துல தண்ணி இறைக்கிற முறையில தகராறு பண்ணிக்கிட்டு, நீ ஊரில் இருந்த காலத்திலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது, ஒருத்தன் இங்கிட்டு வந்தா மத்தவன் அங்கிட்டுப் போயிருவான். நான் வீட்டுக்குள் நுழையறதுக்குள்ள உன் அத்தை, "ஏங்க, ஒங்களுக்கு விஷயம் தெரியுமா? வீரய்யா அண்ணன் தம்பிய நெனச்சு அழுதாராம்" என்கிறாள். நல்லதம்பியையும் காணோம், ராக்காயியையும் காணோம். வெந்த கடலையை உரிக்கிற மாதிரி, நம்ம ஜனங்க தோலைத் துப்பிட்டு உள்ள இருக்கிற பருப்பை மட்டும் தின்னுட்டாங்க. உன் கேள்விக்கு இதுதான் பதில், உங்க புரொபசர்கிட்டச் சொல்லு.

மறுநாள் காலையில இருளாண்டி வாசல்ல வந்து நிக்கிறான். கண்ணெல்லாம் செவந்து கிடக்கு. "வாத்தியாரையா, எங்கண்ணே அழுதது நெசமா?" என்றான். "அது உள்வாக்கியம்ப்பா. அதுக்கு மேல ரெண்டு வாக்கியம் மூடிக் கெடக்கு. ராக்காயி சொன்னதா நல்லதம்பி சொன்னதா..." என்று நான் விளக்குறதுக்குள்ள, "ரெண்டு பேரு சொல்றாங்கன்னா நெசமாத்தான்யா இருக்கும்" என்று துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டான். நான் பின்னாலேயே ஓடினேன். வரப்புல செருப்பு வார் அறுந்து, ஒத்தச் செருப்போட நொண்டிக்கிட்டுப் போய்ச் சேந்தா, கிணத்துல தண்ணி இறைக்கிற கமலை மாட்டை நிறுத்திட்டு வீரய்யா நிக்கிறாரு, எதிர்ல இவன். "ஏண்ணே, என்னை நெனச்சு அழுதீங்களாம்ல" என்று கேட்டான். வீரய்யா அவனைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. அந்த நிமிஷம் என் உசிரு என்கிட்ட இல்லை. வாயில இருந்த வெத்தலையைத் துப்பிட்டு, "சாப்டியாடா?" என்றாரு. அம்புட்டுத்தான் பேச்சு. இவன் கமலைக் கயித்தை வாங்கி மாட்டை ஓட்ட ஆரம்பிச்சுட்டான். நேத்து ரெண்டு குடும்பமும் ஒண்ணா உக்காந்து ஒரே ஒலையில சோறு பொங்கித் தின்னதுன்னு ஊரே பேசுது.

ஊருக்குச் சந்தோஷம், எனக்குச் சோறு இறங்கலை. ரத்த உறவு ரெண்டை ஒரு உதாரண வாக்கியத்து மேல உக்கார வச்சுட்டேனே! செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிவிடலாம் என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "பொய் சொன்னீங்களா?" என்று சாமியார் கேட்டார். "இல்லை சாமி, பொய்யை ரெண்டு அடுக்குக்குள்ள வச்சுச் சொன்னேன்" என்றேன். அவர் அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிட்டார். அது மன்னிப்பா, நான் சொன்னது புரியாமல் சொல்லிவைத்ததா, விளங்கலை. ஆகவே நாளைக் காலையில் வீரய்யாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். மறுபடி பிரிந்தால் அந்தப் பழி என் தலையில். நீயும் இனிமேல் தயவுசெய்து இந்த ஊருக்கு எந்த வாக்கியமும் அனுப்ப வேண்டாம். உன் யந்திரத்துக்கு அண்ணன் தம்பி கிடையாது. எங்களுக்கு இருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஞாயிறு பூசை தவறாதே. தேவமாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் மாமன்,
சூசைராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வீரய்யாவே வந்துவிட்டார். அழுதுவிடுகிற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்தார். "வாத்தியாரையா, நான் அழுதேனா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? அவன் அம்புட்டுத் தூரம் நடந்து வந்து கேக்குறான், இல்லடான்னு சொல்லச் சொல்றீங்களா?" என்றார். அப்புறம் மெல்ல என் பக்கம் குனிந்து, "குன்றாண்டார்கோவில்ல கட்டிக்குடுத்த எங்க தங்கச்சி காத்தாயி, நாங்க அடிச்சுக்கிட்டதுல வெறுத்துப்போயி வாசப்படி மிதிக்கிறதில்லைங்க. அவளுக்கு ஒரு உதாரணம் போட முடியுமா?" என்று கேட்கிறார். ஆகையால் மேலே வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, உடனே வாக்கியம் அனுப்பவும். குன்றாண்டார்கோவில் கொஞ்சம் தூரம்; வழியில் உரிந்துவிடும், அடுக்கு கூடுதலாக இருக்கட்டும்.