பிளஸ்மைனஸ் அண்ணன் தன்னையே நீக்கிய ஆட்டம்

பிளஸ்மைனஸ் அண்ணன் மதிப்பெண் போடாமல் விட்டது திருப்பூரில் ஆகாயம் ஒன்றைத்தான். அதற்கும் நேரம் கிடைக்காததுதான் காரணம்.

இரண்டாயிரத்துகளின் நடுவில், நல்லூரில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், தையல் லைன்களின் உற்பத்தியை அளப்பது அவர் பணி. யார் இருக்கும்போது உற்பத்தி கூடுகிறது, குறைகிறது என்று கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே இருப்பார். கேன்டீன் மாஸ்டர் லீவு போடும் நாட்களில் உற்பத்தி கூடுகிறது என்று ஒருமுறை கண்டுபிடித்தார்.

“அப்ப சம்பளத்தோட தெனமும் லீவு குடுங்க சாமி” என்றார் மாஸ்டர்.

கம்பெனியின் கூடைப்பந்து அணிக்கும் அவரே பொறுப்பு, ஆட்டக்காரரும்கூட. ஒருவர் களத்தில் நிற்கும்போது எங்கள் அணி போட்ட புள்ளிகளிலிருந்து எதிரணி போட்டதைக் கழிப்பார். மிச்சம்தான் அந்த ஆளின் மதிப்பு. பட்டப்பெயர் வந்த வழி அதுதான்.

கம்பெனிகளுக்கிடையேயான இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள், அந்தக் கணக்கில் கடைசி இடத்தில் இருந்தவரை ஆடும் பட்டியலிலிருந்து நீக்கி, பெஞ்சுக்கு அனுப்பினார். அது அவரேதான்.

கேப்டன் அந்தோணி தூத்துக்குடிக்காரர், கட்டிங் மாஸ்டர். கொதித்துவிட்டார். “எண்ணே, நல்லா ஆடுதவன் எளைச்சா, புதுப் பயலுவளக் கூட்டிட்டு நீங்கதான எறங்குதீய? அவனுவ விடுத பாயிண்டெல்லாம் உங்க கணக்குல ஏறுது. இது தெரியலையா?”

“தெரியுதுங்க. ஆனா கணக்குன்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்களே. எனக்கு மட்டும் தனியா போட்டா நல்லா இருக்குங்களா?”

கோப்பைக்காக மூன்று வருடமாக ஏங்கிய அந்தோணி, தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஆரம்பத்தில் நாங்கள் வெகுவாக முந்தினோம். பிறகு புதியவர்கள் அவரில்லாமல் இறங்கினார்கள். பந்து கைக்கு வந்ததும் கூடையைப் பார்க்காமல் பெஞ்சிலிருந்த அண்ணனைப் பார்த்தார்கள். முன்னிலை ஒன்பதாகச் சுருங்கியபோது அந்தோணியின் கணுக்கால் பிசகியது. பெஞ்சில் இளைத்துக் கிடந்தவர்களையும் அண்ணனையும் தவிர வேறு ஆள் இல்லை. அண்ணன் கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினார்.

எதிரணி தன் சிறந்த ஐவரையும் இறக்கியிருந்தது. அண்ணன் ஒரு பந்தும் கூடையில் போடவில்லை. குறுக்கே நின்றார், விழுந்தார், வாய் ஓயாமல் கத்தினார். “கண்ணு, வலப்பக்கம் வா! அவனெ உட்ராத! பயப்படாத சாமி, நான் பின்னாடி நிக்கறேன்!”

பையன்கள் பெஞ்சைப் பார்ப்பதை நிறுத்தினார்கள். ஒரு புள்ளியில் ஜெயித்தோம்.

நொண்டிக்கொண்டே வந்து அந்தோணி அவரைக் கட்டிப்பிடித்தார். அண்ணன் கண்ணாடியை வாங்கி மாட்டினார். “ஒம்பதுல எறங்குனேன், ஒண்ணுல முடிஞ்சுது. மைனஸ் எட்டு. நான் சொன்னது சரிதானுங்களே?” முகத்தில் அத்தனை திருப்தி.

அதன்பின் நான் அங்கே இருந்த காலம்வரை, களத்தில் இறங்கும் முன் புதியவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அண்ணனும் கூட வர்றாருங்களா?”